பொழுது சாய்வதற்குள் ஒன்பதாவது இன்னிங்ஸ்

மிக்தாலியாவுக்குப் பேஸ்பால் மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பதென்றுகூடத் தெரியாது என்று குவாபாவில் சொல்கிறவர்கள் உண்டு. சொல்லட்டும். சொல்கிறவர்களில் பாதிப்பேர் தினமும் காலையில் அவள் கடை ரொட்டியைத்தான் காபியில் முக்கித் தின்கிறார்கள். புவேர்ட்டோ ரிக்கோவின் மலைப்பக்கத்து ஊர்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு அணி உண்டு, அந்த அணிக்கு ஒரு பொறுப்பாளர் உண்டு. பதினொரு வருஷமாக குவாபா அணிக்குப் பொறுப்பாளர் அவள்தான்.

அது அவள் தேடிப் போன பதவி இல்லை. முன்பு வைத்திருந்தவர் குடும்பத்தோடு ஓர்லாண்டோவுக்கு மூட்டை கட்டினபோது, இனி அணியை யார் எடுத்து நடத்துவது என்று கூட்டம் போட்டார்கள். ஆம்பளைகள் எல்லாரும் தரையில் எதையோ தொலைத்தமாதிரி குனிந்துகொண்டார்கள். சும்மாவா? பந்து, சட்டை, பஸ், அடிபட்டவனுக்கு மருந்து, இத்தனைக்கும் மேல் தோற்றால் ஊர் முழுக்க வசவு. கூட்டத்துக்கு ரொட்டி கொண்டுவந்திருந்த மிக்தாலியா தட்டைக் கீழே வைத்தாள். "சரி, நான் எடுத்துக்கறேன். ஆனா யாரும் எனக்கு ஆட்டம் சொல்லித்தர வரக்கூடாது" என்றாள்.

அன்றிலிருந்து இன்றுவரை ஊரே அவளுக்கு ஆட்டம் சொல்லித்தந்துகொண்டுதான் இருக்கிறது. அவளும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, தான் நினைத்ததையே செய்வாள். ஐம்பத்தெட்டு வயது. கட்டை உருவம், பெரிய குரல். புருஷன் ஒருநாள் புது அடுப்பு வாங்கிவருகிறேன் என்று அதே ஓர்லாண்டோவுக்குப் போனான். அடுப்பும் வரவில்லை, ஆளும் வரவில்லை. பழைய அடுப்பு நன்றாகத்தான் எரிகிறது என்று அதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொண்டாள்.

ஆட்டத்தன்று, பந்தை அடித்தவன் ஓடித் தொடுகிற பேஸ்களில் மூன்றாவதுக்குப் பின்னால், பன்றிக்கொழுப்பு வரும் பெரிய டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவாள். பக்கத்தில் இன்னொரு டின். அது நெரெய்தாவுக்கு.

நெரெய்தா யார் என்று சொல்லாமல் மிக்தாலியாவைப் பற்றிச் சொல்லவே முடியாது. கடையில் அடுப்பு மிக்தாலியாவுடையது, முன்பக்கத்து மேசை நெரெய்தாவுடையது. இருபது வருஷமாக அப்படித்தான். நெரெய்தாவின் ஒரே பையன் யாரியெல்லை ஞானஸ்நானத்துக்குக் கையில் ஏந்தியவள் மிக்தாலியா. பிள்ளையைப் பெற்றவளும் ஞானத்தாயும் ஒருத்தியை ஒருத்தி 'கொமாய்' என்று கூப்பிட்டுக்கொள்வது அந்த ஊர்ப் பழக்கம். கூடப்பிறந்தவளிடம் சண்டை போட்டாலும் போடுவார்கள், கொமாயிடம் போடமாட்டார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருபது வருஷத்தில் ஒரு முணுமுணுப்புகூட வந்ததில்லை. கடைசியில் அதைக் கெடுத்தது ஒன்பதாவது இன்னிங்ஸ்.

குவாபா அணிக்கு ஒரு வியாதி இருந்தது. ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்றால், ஏழு வரை ராஜா மாதிரி ஆடுவார்கள். முதலில் பந்தெறிய இறங்குகிற பிட்சருக்கு அதற்குமேல் கை தாங்காது. அவனை உட்காரவைத்துவிட்டு அடுத்து ஒருவனை இறக்கவேண்டும். அந்த அடுத்தவன்தான் ஊரில் இல்லை. இருந்தவர்கள் எல்லாம் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுப்பதுபோல எதிராளிக்கு மரியாதையாகப் பந்தைக் கொடுத்து அனுப்புகிறவர்கள். மூன்று வருஷம் தொடர்ந்து, ஜெயித்த ஆட்டத்தைக் கடைசி இன்னிங்ஸில் தாரைவார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். மூன்றாவது வருஷம் மிக்தாலியா அந்தக் கொழுப்பு டின்னை ஒரே உதையாக உதைத்ததில் பெருவிரல் நகம் போயிற்று.

பக்கத்து மலையில் செரோ ஓந்தோ என்று ஒரு ஊர். அவர்களிடம் எலியேசெர் என்று ஒரு ஆள் இருந்தான். முப்பத்தேழு வயது, ஃபிரிட்ஜ் ரிப்பேர் வேலை. ஆள் ஒட்டடைக்கம்பு உயரம். கையைப் பக்கவாட்டில் வீசித்தான் எறிவான். பந்து நேராக வருவதுபோல வந்து, பேட்டர் மட்டையை ஓங்கியபிறகு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனிடம் நாலு தடவை மண்ணைக் கவ்வியிருக்கிறது குவாபா. இந்த வருஷம் ஜூலையில், ஆட்களை மாற்றிக்கொள்ளக் கடைசி வாரத்தில், அவனைக் கேட்டு ஆள் அனுப்பினாள் மிக்தாலியா.

செரோ ஓந்தோ அணியின் பொறுப்பாளர் டோன் தூத்தோ, அதாவது தூத்தோ ஐயா, சவப்பெட்டிக்கடை வைத்திருப்பவர். எப்போதும் கருப்புக் கால்சட்டை, தேன் ஒழுகுகிற குரல். பாதி வழியில், முழுப்பன்றி சுட்டு விற்கிற கடை ஒன்றில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள்.

"எலியேசெர் எங்க ஊருக்கு உசுரு மாதிரிம்மா" என்றார் டோன் தூத்தோ, பன்றித்தோலைக் கடித்துக்கொண்டே.

"உசுரு போறதுதானே உங்க தொழிலே. கொடுங்க."

"சும்மாவா கொடுப்பாங்க? அந்த நெட்டை இடதுகைப் பையன் வேணும். அப்புறம் யாரியெல்."

நெட்டைப் பையனின் குடும்பமே செரோ ஓந்தோ பக்கம்தான். அதில் பிரச்சினை இல்லை. யாரியெல் என்றதும் மிக்தாலியா வாய்க்குக் கொண்டுபோன இறைச்சியைத் தட்டிலேயே போட்டாள். பத்தொன்பது வயசு. கால் தரையில் படுகிறதா என்று சந்தேகம் வருகிற ஓட்டம். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில், ஷார்ட்-ஸ்டாப் என்கிற இடத்தில் நிற்கப் பிறந்தவன். ஆனால் அந்த இடத்தில் குவாபாவில் சாகோ நின்றுகொண்டிருந்தான். சாகோவுக்கு முப்பத்தைந்து வயது, முழங்கால் இரண்டும் கிரீச்சென்று சத்தம் போடும், இருந்தாலும் இடத்தை விட்டு நகரமாட்டான். அவனை நகர்த்தச் சொல்ல ஊரில் யாருக்கும் வாய் வராது. யாரியெல் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருந்தான்.

இன்னும் ரெண்டு வருஷம் போனால் இவன்தான் அணி, அது அவளுக்குத் தெரியும். ஆனால் ரெண்டு வருஷம் அவளுக்கு வேண்டாம். அவளுக்கு இந்த வருஷம் வேண்டும். தட்டைத் தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள். டோன் தூத்தோ அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டாரே, அந்த மனுஷன் ஒரு பெட்டி விற்கவே அரைநாள் பேசுகிறவராயிற்றே என்று அப்போதே யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை. சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் செய்யக்கூடாததைச் செய்தாள். அவள் கடை வண்டியின் தலையில் இரண்டு ஒலிபெருக்கி உண்டு. ரொட்டி வந்துவிட்டது, ஆட்டம் இன்ன நேரம், இன்னார் வீட்டில் துக்கம், எல்லாம் ஊருக்கு அந்த வண்டியில்தான் போகும். செய்தி செரோ ஓந்தோக்காரன் வாயால் ஊருக்குள் வருவதற்கு முன்னால் நாமே சொல்லிவிடவேண்டும் என்று, திரும்பி வருகிற வழியிலேயே மைக்கைப் பிடித்துவிட்டாள். ஊர் திட்டுமே என்று கொஞ்சம் சர்க்கரையும் தூவினாள்.

"குவாபா மக்களே! எலியேசெர் இனிமே நம்ம ஆளு! நம்ம யாரியெல் செரோ ஓந்தோவுக்குப் போறான். அவன் நல்லதுக்குத்தான், அவன் எதிர்காலத்துக்காகத்தான் மனசைக் கல்லாக்கிக்கிட்டு அனுப்பறேன்!"

வண்டி கடை வாசலைத் தாண்டிப் போனபோது நெரெய்தா ஒருவருக்கு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். தன் பையனைக் கொடுத்துவிட்டார்கள் என்பதைத் தன் கொமாயின் குரலிலேயே, தெருவில் போகிற ஒலிபெருக்கியில் கேட்டாள். ரொட்டியைச் சுற்றி முடித்தாள், நூல் கட்டினாள், மிச்சம் சில்லறையைக் கொடுத்தாள். அன்றிலிருந்து மிக்தாலியாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

வேலையை விட்டாளா என்றால், அதுதான் இல்லை. நேரத்துக்கு வந்தாள், நேரத்துக்குப் போனாள். மறுவாரம் செரோ ஓந்தோ அணியின் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்றாள். சொல்லவேண்டியது இருந்தால் யார் எதிரில் நிற்கிறார்களோ அவர்கள் வழியாகச் சொல்வாள்.

"தபால்காரரே, அந்த அம்மாகிட்ட ரொட்டி கருகுதுன்னு சொல்லுங்க."

தபால்காரர் திரும்பி, "மிக்தாலியா, ரொட்டி கருகுதாம்" என்பார்.

"எனக்கு மூக்கு இருக்குன்னு சொல்லுங்க."

"அவங்களுக்கு மூக்கு இருக்காம்."

"பாசம் இருந்துச்சான்னு கேளுங்க."

"ஐயோ, எனக்கு ரெண்டு ரொட்டி கொடுத்து அனுப்பிடுங்க தாயே. நான் வெறும் கடுதாசிதான் கொண்டுபோறவன்."

ஊர் இரண்டாகப் பிரிந்து வாயடித்தது. முடிவெட்டுகிற கடையில், மருந்துக்கடை வரிசையில், பூசை முடிந்த கோயில் வாசலில், எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. முளைக்கிற நாத்தைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு அறுத்த வைக்கோலை வாங்கிவந்திருக்கிறாள் என்றார்கள். முப்பத்தேழு வயசுக்காரனுக்கு எத்தனை நாள் கை தாங்கும் என்றார்கள். எதிர்காலத்தையே விற்றுவிட்டாயே என்று முகத்துக்கு நேராகக் கேட்டவர்களுக்கு அவள் ஒரே பதில் வைத்திருந்தாள்.

"எதிர்காலத்தை நீங்க வெச்சுக்கோங்க. எனக்கு ஒன்பதாவது இன்னிங்ஸ் வேணும்."

ஒன்பதாவது இன்னிங்ஸும் வந்தது. எலியேசெர் வந்த நாளிலிருந்து கடைசி இன்னிங்ஸில் குவாபா ஒரு ஆட்டம்கூட விடவில்லை. தலைகுனிந்து வருவான், எறிவான், மூன்று பேரை வெளியே அனுப்புவான், தொப்பியைச் சரிசெய்துகொண்டு பொண்டாட்டியோடு வீட்டுக்குப் போய்விடுவான். திட்டினவர்கள் எல்லாம் "நாங்க அப்பவே சொன்னோமே" என்று ஆரம்பித்துவிட்டார்கள். மிக்தாலியா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். ஆனால் டின்னில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து டின் காலியாக இருந்தது. எலியேசெர் மூன்றாவது ஆளை வெளியே அனுப்பும்போதெல்லாம் அவள் கை தானாக அந்தப் பக்கம் போய், தொடையில் அடிக்க ஆளில்லாமல் திரும்பி வரும். அணியை வைத்து என்ன செய்வது, கூட உட்கார்ந்து கத்த கொமாய் இல்லாமல்? இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அடுப்பிடம் மட்டும் சொன்னாள்.

செப்டம்பரில் இறுதிச் சுற்று. எதிரில் வேறு யார், செரோ ஓந்தோதான். அங்கே யாரியெல் தினமும் ஷார்ட்-ஸ்டாப்பில் நின்று கொளுத்திக்கொண்டிருந்தான். சனிக்கிழமை ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையுமாக ஆடி, ஆளுக்கு மூன்று ஜெயித்து நின்றார்கள். ஏழாவது ஆட்டம் குவாபாவில். அந்த நேரம் பார்த்துக் கடலில் ஒரு புயல் கிளம்பி, சனிக்கிழமை தீவுக்கு வருவதாக வானொலி சொல்லிற்று. பேஸ்பால் சங்கத்துக்காரர்கள் ஆட்டத்தை வெள்ளிக்கிழமைக்கு வைத்துவிட்டார்கள்.

அந்தச் செய்தி வந்த வியாழக்கிழமை மத்தியானமே எலியேசெர் கடைக்கு வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"டோன்யா மிக்தாலியா, வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா நான் பந்தைத் தொடமாட்டேன்."

"ஏன், கண்ணு தெரியாதா? மைதானத்துல விளக்கு இருக்குப்பா."

"விளக்கு இல்லீங்க. நானும் வீட்டுக்காரியும் இந்த மார்ச்சுல ஏழாம் நாள் சபையில சேர்ந்துட்டோம். வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சதுலேர்ந்து சனிக்கிழமை பொழுது சாயறவரைக்கும் ஓய்வுநாள். சனிக்கிழமை ராத்திரி ஆடுவேன், ஞாயிறு ஆடுவேன். இந்த வருஷம் வெள்ளிக்கிழமை ஆட்டமே வரலை. அதான் சொல்ற மாதிரி ஆகலை."

அப்போதுதான் டோன் தூத்தோ ஏன் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டார் என்பது மிக்தாலியாவுக்கு உறைத்தது. ஊருக்கு ஊர் சபை மாறுகிற தீவில், வாங்குகிற ஆள் எந்தச் சபை என்று கேட்காமல் வாங்கிவந்திருக்கிறாள். முழங்கை பார்த்தாள், தோள் பார்த்தாள், கோயில் பார்க்கவில்லை. மேசைக்குப் பின்னால் நெரெய்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு ரொட்டிகளை அடுக்கினாள்.

"தபால்காரரே" என்றாள் நெரெய்தா, "பாசத்தை வித்து வாங்கின சரக்கு வெள்ளிக்கிழமை வேலை செய்யாதாம், அந்த அம்மாகிட்ட சொல்லுங்க."

ரொட்டிக்கு நின்ற தபால்காரர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நழுவினார். மிக்தாலியா கையில் இருந்த மாவைப் பாவாடையில் துடைத்தாள். கோபம் வந்தது, எலியேசெர் மேல் இல்லை. சாமிக்குக் கொடுத்த வார்த்தையை மாற்றச் சொல்ல அவளுக்கு மனசு வராது. ஒருவேளை கேட்டிருந்தாலும் அவன் மாற்றியிருக்கமாட்டான்.

"சாயறதுக்கு முன்னாடி?" என்றாள்.

"சாயறதுக்கு முன்னாடி நான் உங்க ஆளு."

"அப்ப நீ போய்க் கையைச் சூடு பண்ணு. சூரியனை நான் பாத்துக்கறேன்."

ஆட்ட நேரத்தை வைக்கிற உரிமை சொந்த மைதானத்துக்காரருக்கு. எப்போதும் ராத்திரி எட்டு மணிதான், ஜனங்கள் வேலைவிட்டுச் சாப்பிட்டு வரவேண்டுமே. மிக்தாலியா மூன்று மணி என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை, வேலைநாள், கொளுத்துகிற வெயிலில் மூன்று மணி! டோன் தூத்தோ போன் பண்ணினார்.

"என்னம்மா, ஆட்டமா வைக்கறீங்க, அடக்கமா வைக்கறீங்க? மூணு மணிக்கு அடக்கம்தான் நடக்கும்."

"உங்களுக்குப் பழகின நேரம்தானே டோன் தூத்தோ? வந்து சேருங்க."

வண்டியில் போய் ஊருக்குச் சொன்னாள். மறுநாள் மத்தியானம் குவாபாவில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. மருந்துக்கடையில் 'பாட்டிக்குச் சீரியஸ்' என்று பலகை தொங்கிற்று. முடிவெட்டுகிறவர் ஒரு ஆளைப் பாதித் தலையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நெரெய்தா பச்சைச் சட்டையோடு எதிர்ப்பக்கத்துப் படிகளில் போய் உட்கார்ந்தாள். எலியேசெரின் மனைவி பேட்டருக்குப் பின்னால் இருந்த வேலியோரம், மடியில் கைப்பையோடு, சபைக் காலண்டரில் போட்டிருந்த நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்தபடி இருந்தாள். அவள் எழுந்து நின்றால் எலியேசெருக்குப் பொழுது சாய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

செரோ ஓந்தோக்காரர்களுக்கும் அது தெரியும். இரண்டாவது இன்னிங்ஸிலேயே இழுக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பேட்டரும் வந்து நின்றதும் ஷூ கயிறு அவிழ்ந்துவிடும். கட்டுவான். கட்டி முடித்ததும் மற்றக் கால். ஒருத்தன் கண்ணில் தூசி. இன்னொருத்தன் மட்டை மாற்றப் போனவன் போனவன்தான். டோன் தூத்தோவே எழுந்துவந்து, பந்தில் மாவு ஒட்டியிருக்கிறது, ரொட்டி வாசனை வருகிறது என்று நடுவரிடம் புகார் சொன்னார். பந்து வந்தது ரொட்டிப் பையில்தான், அது உண்மைதான். நடுவர் ஒவ்வொரு பந்தாக முகர்ந்து பார்த்தார். குவாபா ஜனங்கள் போட்ட கூச்சலில் மலைப்பக்கத்து மாடுகள் மிரண்டு ஓடின.

ஏழாவது இன்னிங்ஸ். குவாபா நாலு, செரோ ஓந்தோ மூன்று. மூன்று பேஸிலும் செரோ ஓந்தோ ஆள், ஒருத்தன்தான் அவுட். குவாபாவின் பிட்சருக்குக் கை தொங்கிவிட்டது. பயிற்சியாளர் கீகே பள்ளிக்கூட டிரில் வாத்தியார், எதையும் கடைசிவரை பத்திரப்படுத்துகிற ஆள். எலியேசெரை ஒன்பதாவதுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நின்றுகொண்டிருந்தார். மிக்தாலியா டின்னைவிட்டு எழுந்துவிட்டாள்.

"கீகே! வீடு எரியும்போது தண்ணியை நாளைக்கு வெச்சுக்குவியா? இப்ப இறக்கு அவனை!"

"ஒன்பதாவதுக்கு யாரு?"

"ஒன்பதாவதுக்கும் அவனேதான்! சூரியன் இருக்குல்ல!"

கீகே இறக்கினார். எலியேசெர் தலைகுனிந்து வந்தான். இரண்டு பேரை நாலு பந்தில் முடித்தான், இன்னிங்ஸ் முடிந்தது. எட்டாவதில் மூன்று பேர், ஒருத்தன் மட்டையில்கூடப் படவில்லை. ஒவ்வொரு தடவையும் கயிறு கட்டினார்கள், தூசி எடுத்தார்கள். மைதானத்தில் நிழல் நீண்டுகொண்டே வந்து இரண்டாம் பேஸைத் தாண்டிற்று.

ஒன்பதாவது. முதல் ஆள் அவுட். இரண்டாவது ஆள் எப்படியோ உருட்டிவிட்டு ஓடி இரண்டாம் பேஸ் சேர்ந்தான். மூன்றாவது ஆள் அடித்த பந்தை எடுத்து அடித்தவனை அவுட் ஆக்கினார்கள், ஆனால் அதற்குள் முன்னால் நின்றவன் மூன்றாம் பேஸுக்குப் போய்விட்டான். இரண்டு அவுட். மூன்றாம் பேஸில் இருக்கிறவன் ஓடிவந்தால் சமம். சமமானால் ஆட்டம் நீளும், நீண்டால் எலியேசெர் இல்லை. வேலியோரம் எலியேசெரின் மனைவி கைப்பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள், இன்னும் எழவில்லை.

அடுத்து மட்டையோடு வந்தவன் யாரியெல்.

மிக்தாலியா வெயிலுக்குக் கண்ணுக்குமேல் கையை வைத்தாள். எதிர்ப்பக்கம் பார்த்தாள். நெரெய்தா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

செரோ ஓந்தோ பெஞ்சிலிருந்து எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். "கயிறு! யாரியெல், கயிறு!"

அவன் இரண்டு கயிறும் கட்டினால் போதும். கண்ணில் ஒரு தூசி விழுந்தால் போதும். அந்தப் பெண் எழுந்துவிடுவாள், எலியேசெர் பந்தை வைத்துவிட்டுப் போவான், வருகிறவன் மரியாதையாகப் பந்தைக் கொடுப்பான். ஆட்டம் யாரியெல் கையில் இல்லை, கயிற்றில் இருந்தது.

யாரியெல் குனிந்து ஷூவைப் பார்த்தான். நிமிர்ந்தான். நேராக நடந்துபோய்க் கோட்டுக்குள் நின்று மட்டையைத் தோளுக்குத் தூக்கினான்.

"கயிறுடா, முட்டாள்!" என்று டோன் தூத்தோவே தேன் குரலை மறந்து அலறினார். யாரியெல் திரும்பவில்லை. எலியேசெரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் பந்து இறங்கிற்று, வீசினான், படவில்லை. இரண்டாவது வெளியே, விட்டுவிட்டான். மூன்றாவதை, அந்த இறங்குகிற பந்தை, இறங்குவதற்கு முன்னால் எட்டிப் பிடித்து அடித்தான் பாருங்கள், அந்தச் சத்தத்துக்கு மைதானமே மூச்சை நிறுத்திற்று. தரைக்கு ஒரு ஆள் உயரத்தில் பந்து சாகோவுக்கு இடதுபக்கம் பறந்தது. அந்தப் பக்கம் அவன் போய் ஐந்து வருஷம் ஆகியிருக்கும். போனான். இரண்டு முழங்காலும் கிரீச்சிட்டிருக்கும், யாருக்கும் கேட்கவில்லை. உடம்பு முழுக்கத் தரையில் விழுந்து, புழுதிக்குள்ளிருந்து கையுறையை மட்டும் உயர்த்தினான். பந்து உள்ளே இருந்தது.

வேலியோரம் அந்தப் பெண் எழுந்து நின்றாள். எலியேசெர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, யாரும் கட்டிப்பிடிப்பதற்கு முன்னால் அவளிடம் போய்ச் சேர்ந்தான்.

குவாபா துள்ளிற்று. மருந்துக்கடைக்காரர் அழுதார். பாதித் தலைக்காரன் மைதானத்தில் புரண்டான். மிக்தாலியாவை டின்னோடு தூக்க நாலு பேர் முயன்று முடியாமல் விட்டார்கள். அவளுக்குச் சந்தோஷம் பொங்கிற்று, பொய் சொல்லவேண்டாம், நன்றாகவே பொங்கிற்று. ஆனால் கால் வாசல் பக்கம்தான் போயிற்று.

வாசலில் நெரெய்தா மகனுக்காக நின்றுகொண்டிருந்தாள். யாரியெல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கண் சிவந்திருந்தது. மிக்தாலியாவைப் பார்த்ததும் குனிந்து, "ஆசீர்வாதம் மத்ரீனா" என்றான், ஞானத்தாயைப் பார்த்தால் சொல்லவேண்டிய முறைப்படி.

"கடவுள் உன்னை நல்லா வெக்கட்டும். ஏண்டா கயிறு கட்டலை?"

"கட்டியிருந்த கயித்தை எதுக்கு அவுக்கணும்? அவர் பந்தை அடிக்கணும்னுதான் ரெண்டு மாசமா ராத்தூக்கமே இல்லை. ஓடிப்போயிடப் போறாரேன்னு பயமா இருந்துச்சு."

நெரெய்தா மகன் தலையைத் தடவினாள். அவனைப் பார்த்தபடியே பேசினாள். "யாரியெல், அந்த அம்மாகிட்ட ஒண்ணு கேளு. உன்னை அங்க கொடுத்தது உன் நல்லதுக்குத்தானான்னு கேளு."

யாரியெல் வாய் திறப்பதற்குள் மிக்தாலியாவுக்குப் பதில் தொண்டையில் வந்து நின்றது. ஆமாம் என்று சொல்ல எவ்வளவு வசதி! அங்கே போய்த்தானே தினமும் ஆடினான்? இன்று அடித்த அடியைத் தீவே பேசும். ஆமாம் என்றால் ஊரே தலையாட்டும். மைதானத்தில் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இல்லை" என்றாள். "உன் நல்லதை நான் நினைக்கவே இல்லைடா. எனக்கு ஜெயிக்கணும். அதுக்காகக் கொடுத்தேன். உனக்கு நல்லதா முடிஞ்சது உன் சாமர்த்தியம். நாளைக்கு மறுபடி கேட்டாலும் கொடுப்பேன். ஆனா உங்கம்மாகிட்ட சொல்லிட்டுக் கொடுப்பேன்."

நெரெய்தா திரும்பினாள். ரெண்டு மாசத்தில் முதல்தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே திட்டித் தீர்த்திருப்பேன், மறுநாளே பேசியிருப்பேன், கொமாய். என் பையனைக் கொடுத்தது எனக்குக் கோபமா? ஆட்டம்னா கொடுப்பாங்க, வாங்குவாங்க. என் பையனுக்கு எது நல்லதுன்னு, பெத்தவ நான் கடையில நிக்கறப்போ, தெருத்தெருவா நீ எனக்குச் சொல்லித் தந்தே பாரு!"

மிக்தாலியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் இல்லை. "தப்பு கொமாய்" என்றாள்.

"எனக்கு மட்டும் சொன்னாப் போதாது. பொய்யை வண்டியிலதானே சொன்னே?"

வெற்றி ஊர்வலத்துக்கு வண்டி தயாராக நின்றது. மிக்தாலியா முன்னால் ஏறினாள், நெரெய்தா பச்சைச் சட்டையோடு பக்கத்தில் ஏறினாள், பின்னால் ஊரே நடந்தது. சதுக்கத்துக்கு வந்ததும் மிக்தாலியா மைக்கைப் பிடித்தாள்.

"குவாபா மக்களே! ஜெயிச்சுட்டோம்!" ஒரே ஆரவாரம். அடங்கட்டும் என்று காத்திருந்தாள். "ஜூலையில ஒண்ணு சொன்னேன், யாரியெல்லை அவன் நல்லதுக்குக் கொடுத்தேன்னு. பொய். எனக்கு ஜெயிக்கற ஆசை. அவங்கம்மாகிட்டக் கேக்காம கொடுத்தேன். கேக்காம கொடுத்தது தப்பு. கொடுத்தது தப்பில்லை, கோப்பை இதோ இருக்கு!"

ஜனங்கள் கைதட்டுவதா வேண்டாமா என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நெரெய்தா அவள் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"நான் நெரெய்தா பேசறேன். என் பையன் இன்னிக்கு அடிச்ச அடியைப் பாத்தீங்கல்ல? சாகோ விழுந்து பிடிச்சதால பிழைச்சீங்க. அடுத்த வருஷம் சாகோவுக்கு முப்பத்தாறு. இதே மைதானத்துல என் பையன் உங்க எல்லாரையும் அழவெக்கப்போறான். இந்த அம்மா என் பக்கத்துல உக்காந்துதான் அழணும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "புயல் வருது, எல்லாரும் இப்பவே வந்து ரொட்டி வாங்கிட்டுப் போங்க. கொமாய், நீ இறங்கி அடுப்பைப் பத்தவை."